காதல், மாயம், இருள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

அண்மைக்கால ரொமான்ஸ், ஃபேண்டஸி, டார்க் நாவல்கள் பற்றி வந்த கேள்விகளை மட்டும் இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டோம். கதைமுடிவைத் தொடவேண்டிய இடங்களில் முன்கூட்டியே சொல்லியிருக்கிறோம்.

கேள்வி: நான்கு நாவல்களை அடுத்தடுத்துப் படித்தேன். ரெபெக்கா யாரோஸின் ‘ஃபோர்த் விங்’கைக் கீழே வைக்க முடியவில்லை. சாரா ஜே. மாஸின் ‘எ கோர்ட் ஆஃப் தார்ன்ஸ் அண்ட் ரோசஸ்’ முதல் பாதி ஒரே இழுவை. காலீன் ஹூவரின் ‘இட் எண்ட்ஸ் வித் அஸ்’ காதல் கதை என்று நம்பி எடுத்தேன், ஏமாந்தேன். ஹெச்.டி. கார்ல்ட்டனின் ‘ஹாண்ட்டிங் அடலின்’ பாதியிலேயே மூடிவிட்டேன். என் கருத்துகள் சரிதானா, இல்லை எனக்கு ரசனை போதவில்லையா?

பதில்: ரசனையில் ஒரு குறையும் இல்லை. உங்கள் நான்கு கருத்துகளுக்கும் தெளிவான காரணங்கள் இருக்கின்றன. அவற்றை நீங்கள் இன்னும் எழுதவில்லை, அவ்வளவுதான். ஒவ்வொரு நாவலும் முதல் சில அத்தியாயங்களிலேயே வாசகருக்கு ஒரு வாக்குக் கொடுத்துவிடுகிறது. அந்த வாக்கு என்ன, அது காப்பாற்றப்பட்டதா என்று பார்த்தால் பிடித்ததும் பிடிக்காததும் விளங்கிவிடும்.

‘ஃபோர்த் விங்’ (2023) கொடுக்கும் வாக்கு உயிராபத்து. உடல் பலமற்ற, எழுத்தராகப் பயின்ற வயலெட்டைத் தாய் டிராகன் வீரர் பயிற்சிக்கு அனுப்புகிறாள். தொடக்கத்திலேயே ஒடுங்கிய மதில் ஒன்றைக் கடக்க வேண்டும், விழுந்தால் சாவு. காதலன் ஸேடனோடு இருக்கும் பகையும் வெறும் வாய்ச்சண்டை இல்லை. அவன் தந்தையின் மரணதண்டனைக்கு அவள் தாய் காரணம். அந்தத் தந்தை நடத்திய கிளர்ச்சியில்தான் அவள் அண்ணன் இறந்ததாகக் கதை தொடங்குகிறது. இதைவிட முக்கியமான வேலை ஒன்றை யாரோஸ் செய்திருக்கிறார். டிராகன் இறந்தால் அதன் வீரரும் இறந்துவிடுவார். வயலெட்டின் டிராகனும் ஸேடனின் டிராகனும் இணைகள். நெடுநாள் பிரிந்திருக்க முடியாதவை. ஆகவே இந்த இருவரும் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் ஒருவரை ஒருவர் விட்டு விலக முடியாது, ஒருவர் சாவதை மற்றவர் அனுமதிக்கவும் முடியாது. மாய உலகின் விதியே காதல் கதையின் எந்திரமாக ஓடுகிறது. நீங்கள் கீழே வைக்காததற்குக் காரணம் இதுதான். அந்த உலகத்தின் அரசியலும் வரலாறும் மெலிதாக இருக்கின்றன என்று ஃபேண்டஸி வாசகர்கள் குறைசொல்வதும் நியாயமே. இரண்டு கருத்தும் ஒரே நூலைப் பற்றி உண்மையாக இருக்க முடியும்.

மாஸின் நாவல் (2015) பற்றிய உங்கள் குறை சரி. அதற்குக் காரணத்தையும் சுட்டிக்காட்டலாம். இது ‘பியூட்டி அண்ட் த பீஸ்ட்’ கதையின் எலும்புக்கூட்டின் மேல் கட்டியது. வில்னவ் என்ற பிரெஞ்சு எழுத்தாளர் 1740-இல் வெளியிட்ட கதை அது. மாளிகையில் இருப்பவர்கள் சாபத்தைப் பற்றி வாய்திறக்க முடியாதபடி சாபமே தடுக்கிறது. அதனால் நாயகி ஃபேராவுக்கு எதுவும் தெரியாது, நமக்கும் தெரியாது. தெரியாதது குறையில்லை, தெரிந்துகொள்ள அவளிடம் ஒரு திட்டமும் நீண்ட நேரம் இல்லாததே குறை. குறிக்கோள் இல்லாத பாத்திரம் எவ்வளவு அழகான மாளிகையில் நடந்தாலும் பக்கம் நகராது. மலைக்கடியில் மூன்று சோதனைகளும் ஒரு விடுகதையும் வந்தவுடன் அதே எழுத்தாளர் வேகமெடுக்கிறார் பாருங்கள். மொழி மாறவில்லை, குறிக்கோள் வந்துவிட்டது.

அடுத்ததில் கதைமுடிவு வருகிறது. ‘இட் எண்ட்ஸ் வித் அஸ்’ (2016) உங்களை ஏமாற்றியது அட்டையும் விளம்பரமும்தான். அமெரிக்க ரொமான்ஸ் எழுத்தாளர் சங்கம் ரொமான்ஸ் நாவலுக்கு இரண்டே நிபந்தனைகள் வைத்தது: கதையின் மையம் காதலாக இருக்க வேண்டும், முடிவு மனநிறைவும் நம்பிக்கையும் தரவேண்டும். ஹூவரின் நாயகி தன்னை அடிக்கும் கணவனை விட்டு விலகுகிறாள். இது குடும்ப வன்முறை பற்றிய நாவல். அந்த அளவுகோலால் அளந்தால் அதன் பலம் தெரியும். கணவன் ரைலை வாசகரும் முதலில் விரும்பும்படி எழுதியிருக்கிறார். ‘அவள் ஏன் உடனே போகவில்லை’ என்று வெளியிலிருந்து கேட்கும் கேள்விக்கு விரிவுரை இல்லாமல் பதில் கிடைப்பது அதனால்தான்.

‘ஹாண்ட்டிங் அடலின்’ (2021) நாயகியைப் பின்தொடர்ந்து வேவு பார்க்கும் ஒருவனைக் காதலனாக வைக்கிறது. முதல் பக்கங்களில் உள்ளடக்க எச்சரிக்கை உண்டு. கதை இந்தப் பாகத்தில் முடிவதும் இல்லை. ‘ஹண்ட்டிங் அடலின்’ என்ற இரண்டாம் பாகத்தில்தான் முடிகிறது. அது கொடுத்த வாக்கே உங்களுக்கு வேண்டாத வாக்கு. மூடியது சரியான முடிவு. டார்க் ரொமான்ஸ் பற்றிக் கீழே தனியாகவே ஒரு கேள்வி இருக்கிறது.

கேள்வி: எல்லா ரொமான்ஸ் நாவலிலும் முக்கால்வாசியில் ஒரு பிரிவு வருகிறது. பெரும்பாலும் அற்பக் காரணம். எரிச்சலாக இருக்கிறது. இது இல்லாமல் எழுதவே முடியாதா?

பதில்: முடியும், எழுதுகிறார்கள். பிரிவு வருவது தவறும் இல்லை. ஊடல் உப்பைப் போல அளவாக இருக்க வேண்டும், சற்று நீண்டாலும் கெட்டுவிடும் என்று குறள் புலவி அதிகாரத்தில் சொல்கிறது. இன்றைய ரொமான்ஸ் எடிட்டர்களும் கையெழுத்துப் பிரதியில் தேடுவது அந்த அளவைத்தான்.

நானூறு பக்க நாவல் என்றால் பிரிவு முந்நூறாம் பக்கத்தை ஒட்டி வரும். அப்போது எழுபது எண்பது பக்கங்களுக்கு முன்னால் புரட்டிப் பாருங்கள். பிரிவுக்கான காரணம் அங்கேயே விதைக்கப்பட்டிருக்கிறதா? இல்லையென்றால் நாவலாசிரியர் நாட்காட்டியைப் பார்த்துப் பிரிவை வைத்திருக்கிறார். இன்னொரு சோதனை உண்டு: இருவரும் ஐந்து நிமிடம் உட்கார்ந்து பேசினால் இது தீருமா? தீரும் என்றால், அவர்கள் ஏன் பேசவில்லை என்பதற்கு அந்தப் பாத்திரத்தின் இயல்பிலேயே பதில் இருக்க வேண்டும். சிறுவயதில் கைவிடப்பட்டவள் ‘அவன் போய்விடுவான்’ என்று பயந்து முந்திக்கொண்டு போய்விடுவது இயல்பு. நாற்பது வயது வக்கீல் பாதி கேட்ட தொலைபேசி உரையாடலை நம்பி ஊரைவிட்டே ஓடுவது இயல்பில்லை.

இணையும் இடத்தில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். விமான நிலையத்தில் ஓட்டம், மேடையில் பாட்டு, மழையில் மன்னிப்பு என்று எதை வேண்டுமானாலும் வைக்கலாம். ஆனால் காயம் எதுவோ மருந்தும் அதுவாக இருக்க வேண்டும். பொய் சொன்னதால் பிரிந்தார்கள் என்றால், தனக்கு நஷ்டம் வரும் இடத்தில் அவன் உண்மை சொல்ல வேண்டும். பூங்கொத்து அதற்கு ஈடாகாது.

ஜேன் ஆஸ்டினின் ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ (1813) இதற்கு இன்றும் நல்ல பாடம். மொத்தம் 61 அத்தியாயங்கள். நாயகன் டார்சி நாயகியிடம் முதன்முறை திருமணம் கேட்டு மறுக்கப்படுவது 34-ஆம் அத்தியாயத்தில். பெரிய மோதலை நடுவிலேயே வைத்துவிட்டதால், மீதிப் பாதி முழுவதும் இருவரும் மாறுவதற்கு நேரம் கிடைக்கிறது. முக்கால்வாசியில் உடைத்துவிட்டு இரண்டே அத்தியாயங்களில் ஒட்டவைக்கும் நாவல்களில் மாற்றம் நடந்ததாக நம்ப முடியாமல் போவது இந்த இடப்பற்றாக்குறையால்தான்.

கேள்வி: ‘பகைவர்கள் காதலர்களாகும்’ ட்ரோப் (பல நாவல்களில் திரும்பத் திரும்ப வரும் கதைக்கரு) எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் பத்தில் ஒன்றுதான் தேறுகிறது. எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது?

பதில்: பின்னட்டையில் ‘பகை’ என்று போட்டிருப்பதை நம்பாதீர்கள். அந்தப் பெயரில் மூன்று சரக்குகள் விற்கின்றன. ஒன்று, அலுவலகத்திலோ பள்ளியிலோ ஒரே இடத்துக்குப் போட்டிபோடும் இருவர், இது போட்டி. இரண்டாவது, ஒருவன் காரணமே இல்லாமல் எரிந்து விழுவான், நாயகி அதை ரசிப்பாள். இது மரியாதைக் குறைவு. மூன்றாவதுதான் பகை. ஒருவர் வெற்றி பெற்றால் மற்றவர் எதையாவது உண்மையிலேயே இழப்பார்.

பகை நாவல் தேறுவதற்கு முதலில் இருவர் பக்கமும் நியாயம் இருக்க வேண்டும். பிறகு, மனம் மாறுவதற்கு முன்பே செயல் மாறவேண்டும்: தன் கட்சிக்கு இழப்பு வரும் என்று தெரிந்தும் எதிரிக்காக ஒன்றைச் செய்கிற காட்சி எங்காவது இருக்க வேண்டும். நாவலின் நடுப்பகுதிக்குள் அது வந்துவிடுவது நல்லது. அதன் பின்னும் பழைய குற்றத்தைப் பெயர்சொல்லிப் பேசவேண்டும். முத்தம் வந்ததும் பழைய கொலைகள் மறந்துபோகும் நாவல்கள்தான் உங்களுடைய மீதி ஒன்பது.

ஹோலி பிளாக்கின் ‘த க்ரூயல் பிரின்ஸ்’ (2018) படித்துப் பாருங்கள். அதில் வரும் ஃபேரி இனத்தவரால் பொய் சொல்ல முடியாது. மனிதப் பெண்ணான ஜூடால் முடியும். பலமற்றவளின் கையில் இருக்கும் ஒரே ஆயுதம் அது. எழுத்தாளர் அந்த ஒரு விதியிலிருந்தே சதி, பேரம், அவமானம், ஈர்ப்பு எல்லாவற்றையும் பிழிந்தெடுக்கிறார். இந்தத் தொடரில் காதல் மெதுவாகத்தான் வரும். முதல் பாகத்தில் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம்.

கேள்வி: ஃபேண்டஸி நாவலில் மாயசக்தி எப்படி இருந்தால் நல்லது? சிலவற்றில் விதிகள் பாடப்புத்தகம் போல இருக்கின்றன, சிலவற்றில் கடைசியில் ஏதோ ஒளி வந்து எல்லாம் தீர்ந்துவிடுகிறது. பெயர்களும் தலைசுற்றுகின்றன.

பதில்: ஃபேண்டஸி எழுத்தாளர் பிராண்டன் சாண்டர்சன் 2007-இல் எழுதிய கட்டுரையில் இதற்கு ஒரு விதி சொன்னார். மாயத்தை வாசகர் எவ்வளவு நன்றாகப் புரிந்துகொண்டிருக்கிறாரோ, அந்த அளவுக்குத்தான் ஆசிரியர் அதைக் கொண்டு சிக்கலைத் திருப்தியாகத் தீர்க்க முடியும். இதன் மறுபக்கத்தையும் கவனியுங்கள். மாயம் சிக்கலைத் தீர்க்காமல் உண்டாக்க மட்டும் செய்தால் விதிகள் தேவையே இல்லை. தோல்கீனின் ‘த லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ நாவலில் மந்திரவாதி கேண்டால்ஃப் என்னென்ன செய்யக்கூடியவர் என்ற பட்டியல் நமக்கு ஒருபோதும் கிடைப்பதில்லை. மோதிரத்தைச் சுமந்துபோய்ச் சேர்க்கும் பாரத்தை அவர் மந்திரத்தால் தீர்ப்பதில்லை என்பதால் அது உறுத்துவதும் இல்லை.

நூறு பக்கம் முடிந்ததும் மூன்று கேள்விகளுக்கு உங்களால் பதில் சொல்ல முடிய வேண்டும்: இந்தச் சக்தியால் என்ன முடியும், என்ன முடியாது, பயன்படுத்தினால் பயன்படுத்துபவர் எதை இழக்கிறார்? மூன்றாவதுதான் உயிர்நாடி. களைப்பு, மயக்கம் எல்லாம் இழப்பில் சேராது. ஓர் இரவு தூங்கி எழுந்தால் அவை போய்விடும். நினைவு, ஆயுள், ஒரு உறவு, ஒரு கை என்று திரும்பி வராத ஒன்று போனால்தான் அடுத்த முறை அவள் கையை உயர்த்தும்போது நமக்குப் பதறும்.

நீங்கள் சொல்லும் ‘கடைசி ஒளி’, ரொமான்ஸ் கலந்த ஃபேண்டஸியில் மிகுதியாக வரும் நோய். காதலன் விழுந்து கிடக்கிறான், நாயகி கதறுகிறாள், உள்ளே உறங்கிய சக்தி விழிக்கிறது. துக்கம்தான் திறவுகோல் என்று முன்பே சிறிய அளவில் காட்டியிருந்தால் இது வேலைசெய்யும். இல்லையென்றால் முந்நூறு பக்கப் பயிற்சிக் காட்சிகளும் வீண். அழுதாலே போதுமானதாக இருந்திருக்கிறதே.

பெயர்களுக்கு ஒரு எளிய வழி. வரைபடத்தை முதலில் படிக்காதீர்கள். அதிலுள்ள ஊர்களில் பாதிக்கு மேல் முதல் பாகத்தில் தேவைப்படாது. முதல் ஐம்பது பக்கங்களை ஒரே அமர்வில் படியுங்கள். நாளுக்குப் பத்துப் பக்கம் என்று தொடங்கினால் எந்தப் பெயரும் மனத்தில் நிற்காது. ஒரு துண்டுத் தாளில் ஆட்களின் பெயரை எழுதாமல் கட்சிகளை எழுதுங்கள்: எந்தக் குலம், யாருக்குக் கீழ், யாரோடு பகை. கட்சி தெரிந்தால் ஆள் தானாக நினைவில் வந்துவிடுவார். பின்பக்கத்தில் சொல்லடைவு இருக்கிறதா என்று தொடங்கும்போதே பார்த்துவிடுங்கள். பலர் நாவல் முடிந்த பிறகுதான் அதைக் கண்டுபிடிக்கிறார்கள்.

கேள்வி: டார்க் ரொமான்ஸ் படிப்பது தவறா? கடத்தல், கட்டாயம், வேவு பார்த்தல் எல்லாவற்றையும் காதல் என்று எழுதுகிறார்கள். என் தோழிகள் விரும்பிப் படிக்கிறார்கள். எனக்குச் சில பிடிக்கின்றன, சில அருவருப்பாக இருக்கின்றன. வித்தியாசம் எங்கே?

பதில்: படிப்பது தவறில்லை. கடந்த எல்லைகளைப் பத்திரமான இடத்திலிருந்து பார்ப்பது கதையின் பழைய வேலை. தொல்காப்பியம் அகத்திணை ஏழு என்று வகுத்தபோது ஒருதலைக் காமத்துக்குக் கைக்கிளை என்றும், பொருந்தாக் காமத்துக்குப் பெருந்திணை என்றும் இடம் கொடுத்தது. மிகுந்த காமத்தால் செய்யும் வன்செயலையும் பெருந்திணைக் குறிப்புகளில் ஒன்றாகவே எண்ணியது. இருப்பதை இல்லை என்று சொல்லவில்லை. நடுவிலுள்ள ஐந்திணையோடு சேர்க்கவும் இல்லை. இந்தத் தெளிவு இன்றைய டார்க் ரொமான்ஸை எழுதுகிறவர்களுக்கும் படிக்கிறவர்களுக்கும் வேண்டும்.

நீங்கள் உணரும் வித்தியாசம் பெரும்பாலும் கொடுமையின் அளவில் இருக்காது, நாவல் அதைக் கவனிக்கிறதா என்பதில் இருக்கும். ஒரு கட்டாயக் காட்சிக்குப் பிறகு வரும் இருபது பக்கங்களைப் படித்துப் பாருங்கள். நாயகிக்குத் தூக்கம் கெடுகிறதா, கோபம் வருகிறதா, அவளுடைய தோழியோ சகோதரனோ ஏதாவது சொல்கிறார்களா? அல்லது அடுத்த காட்சியில் அவன் பணக்காரன் என்பதையும் தோள் அகலத்தையும் பார்த்துக் கதை நகர்ந்துவிடுகிறதா? முதல் வகையில் இருள் கதையின் பொருள். இரண்டாவதில் அது வெறும் அலங்காரம். உங்கள் அருவருப்பு அங்கிருந்து வருகிறது.

இந்த வகையில் அடிக்கடி பயன்படும் ஒரு உத்தியைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். காதலன் கெட்டவன், ஆகவே அவனைவிடப் பத்து மடங்கு கெட்டவன் ஒருவனைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். ‘ஹாண்ட்டிங் அடலின்’ நாயகன் மனிதக் கடத்தல்காரர்களை வேட்டையாடுகிறவன். அவர்களோடு ஒப்பிடும்போது அவன் மீட்பனாகத் தெரிகிறான். அவர்களுக்குச் செய்யும் நியாயம் ஒன்று, நாயகிக்குச் செய்யும் அநியாயம் ஒன்று; முதலாவது இரண்டாவதைக் கழிக்காது. நாவலை ரசித்துக்கொண்டே இதைப் பார்க்கவும் முடியும்.

எமிலி பிராண்ட்டியின் ‘வதரிங் ஹைட்ஸ்’ (1847) இந்த வகையின் மூதாதை என்கிறார்கள். அதை முழுதும் படித்தவர்களுக்குத் தெரியும்: நாயகி கேத்தரின் நாவலின் பாதியை ஒட்டியே இறந்துவிடுகிறாள். மீதி, அவள்மேல் வெறிகொண்ட காதலன் ஹீத்கிளிஃப் அடுத்த தலைமுறையை எப்படிப் பழிவாங்குகிறான் என்ற கதை. அவனுடைய வெறிக்கு யார் யார் விலை கொடுத்தார்கள் என்று பிராண்ட்டி ஆள்பேர் சொல்லிக் கணக்குக் காட்டுகிறார். அந்தக் கணக்கை நாவல் எழுதுகிறதா என்று தேடுங்கள்.

வாங்கும் முன் செய்யவேண்டியது: நூலின் முதல் பக்கங்களிலோ ஆசிரியரின் இணையதளத்திலோ உள்ளடக்க எச்சரிக்கைப் பட்டியல் இருக்கும். அதை மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: எனக்குப் பிரச்சினையில்லை, பின்னணியில் வந்தால் தாங்குவேன், எந்த வடிவிலும் வேண்டாம். மூன்றாவது பிரிவில் ஒன்று விழுந்தாலும் நூலை விட்டுவிடலாம். ஒரு எச்சரிக்கை, காட்சியாக வருமா அல்லது கடந்தகாலச் செய்தியாக வருமா என்பதைப் பட்டியல் எப்போதும் சொல்வதில்லை. அதற்கு நூலைப் படித்தவரிடம் கேட்பதே வழி. சீல் பிரிக்காத பதிப்பாக இருந்தால், மின்னூல் மாதிரிப் பக்கங்களில் எச்சரிக்கை தெரியும்.

கேள்வி: கிரிம்டார்க், ஹாரர் இரண்டும் ஒன்றா?

பதில்: இல்லை. கிரிம்டார்க் என்பது கொடூரமும் நம்பிக்கையின்மையும் நிறைந்த உலகைக் காட்டும் கதைவகை. அந்தப் பெயர் ‘வார்ஹேமர் 40,000’ விளையாட்டின் விளம்பர வாசகத்திலிருந்து வந்தது. இந்த வகையில் பயமுறுத்துவது பேய் இல்லை, அதிகாரம். ஜோ அபர்க்ராம்பியின் ‘த பிளேடு இட்செல்ஃப்’ (2006) நாவலில் வரும் குளோக்டா, எதிரிகளிடம் சித்திரவதைப்பட்டு உடல் சிதைந்தவன். இப்போது அவனே சித்திரவதை அதிகாரி. நல்லவர் யாரும் இல்லாத உலகத்தில் யாருக்காக நாம் கவலைப்படுகிறோம் என்பதுதான் இந்த வகையின் கேள்வி. இரத்தம் மட்டும் இருந்து இந்தக் கேள்வி இல்லையென்றால் கிரிம்டார்க் நூறாம் பக்கத்தில் சலித்துவிடும்.

ஹாரரில் ஒரு உள்பிரிவு உண்டு. பழைய ஆங்கிலத் திகில் நாவலாசிரியர் ஆன் ராட்கிளிஃப், தாம் இறந்த பிறகு 1826-இல் வெளியான கட்டுரையில் அதைச் சொல்லியிருக்கிறார்: வரப்போவதை எண்ணி நடுங்குவது மனத்தை விரிக்கும், வந்துவிட்டதைக் கண்டு உறைவது சுருக்கும். கதவு திறக்காதவரை முதலாவது, திறந்தபின் இரண்டாவது. ஆர்.எஃப். குவாங்கின் ‘த பாப்பி வார்’ (2018) முதல் பாதி பள்ளிக் கதை, பிறகு போர். நான்ஜிங் படுகொலையை அடியொற்றிய பகுதி ஒன்று அதில் வருகிறது. அது கதவு முழுதாகத் திறந்த எழுத்து. பள்ளிக் கதையின் மிதப்பில் அதற்குள் நுழையாதீர்கள்.

கேள்வி: தொடர்களின் இரண்டாம் பாகம் மட்டும் ஏன் சொதப்புகிறது?

பதில்: முதல் பாகத்தில் இழுத்துக்கொண்டுபோனது ‘சேர்வார்களா’ என்ற கேள்வி. சேர்ந்துவிட்டார்கள். இரண்டாம் பாகத்துக்குப் புதிய கேள்வி வேண்டும். அதைத் தேடாமல் பழையதையே மீண்டும் ஓட்ட, ஒருவர் மற்றவரிடம் ரகசியம் காக்கும் வழியை எழுத்தாளர்கள் கையிலெடுக்கிறார்கள். ‘ஃபோர்த் விங்’ தொடரின் ‘அயர்ன் ஃபிளேம்’, முதல் பாகம் வெளியான 2023-லேயே வந்தது. காதலர்களுக்குள் அதன் மோதல் பெரும்பகுதியும் ஸேடன் எதைச் சொல்கிறான், எதை மறைக்கிறான் என்பதில் சுழல்கிறது. ஒரே வாக்குவாதம் திரும்பத் திரும்ப நடப்பதுபோல் தோன்றியிருந்தால் காரணம் அதுதான்.

மாஸ் வேறு வழியில் போனார் (கதை தெரிய வேண்டாதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டுங்கள்). 2016-இல் வந்த இரண்டாம் பாகத்தில் காதலனையே மாற்றிவிட்டார். முதல் பாகத்தின் கொடுமைகளால் நாயகிக்கு ஏற்பட்ட மனக்காயத்தைக் கதையின் மையத்துக்குக் கொண்டுவந்து, அவளைப் பாதுகாப்பதாகச் சொல்லிப் பூட்டிவைப்பவனையும், தேர்வை அவளிடம் விடுபவனையும் எதிரெதிரே நிறுத்தினார். முதல் காதலனின் குணத்தை வசதிக்காக வளைத்தார் என்ற குற்றச்சாட்டு உண்டு. அதில் ஓரளவு உண்மையும் உண்டு. ஆனாலும் புதிய கேள்வி கிடைத்துவிட்டது. அதனால்தான் இந்தத் தொடரில் இரண்டாம் பாகம் முதலாவதைவிட வலுவாக நிற்கிறது.

கேள்வி: இரண்டு பேர் மாறிமாறிக் கதைசொல்லும் நாவல்களில் யார் பேசுகிறார்கள் என்றே தெரிவதில்லை.

பதில்: அத்தியாயத் தலைப்பில் உள்ள பெயரை விரலால் மறைத்துவிட்டு ஒரு பத்தி படியுங்கள். யார் என்று தெரியாவிட்டால் குறை எழுத்தாளருடையது. குரல் வேறுபாடு கெட்ட வார்த்தையின் எண்ணிக்கையில் இல்லை. அறைக்குள் நுழைந்ததும் யார் எதை முதலில் பார்க்கிறார்கள் என்பதில் இருக்கிறது. ஒலிநூலில் இரண்டு குரல்கள் தனித்தனியாக வாசித்தால் இந்தக் குறை பாதி மறைந்துவிடும்.

கேள்வி: போரே இல்லாத ‘கோசி ஃபேண்டஸி’யில் எதுவும் நடப்பதில்லையே?

பதில்: நடக்கிறது, அளவுதான் சிறியது. டிராவிஸ் பால்ட்ரீயின் ‘லெஜெண்ட்ஸ் அண்ட் லாத்தேஸ்’ (2022) நாவலில் வாள்வீச்சை விட்ட ஒரு ஆர்க் (ஃபேண்டஸி கதைகளில் வரும் முரட்டு இனம்) பெண் காபிக் கடை திறக்கிறாள். உலகம் அழியாது, கடை அழியலாம். அந்தக் கடைமேல் உங்களுக்கு அக்கறை வந்துவிட்டால் போதும். வராவிட்டால் விட்டுவிடுங்கள், இந்த வகை உங்களுக்கு இல்லை.

கேள்வி: படித்த நாவல்களைப் பற்றி இருநூறு சொற்களில் கருத்து எழுத விரும்புகிறேன். கதைச்சுருக்கத்திலேயே இடம் முடிந்துவிடுகிறது.

பதில்: கதைச்சுருக்கத்துக்கு நாற்பது சொல்லுக்கு மேல் கொடுக்காதீர்கள். யார், என்ன வேண்டும், எது தடுக்கிறது, அங்கேயே நிறுத்துங்கள். அடுத்த வாக்கியத்தில் நாவல் கொடுத்த வாக்கைச் சொல்லுங்கள். பிறகு ஒரே ஒரு காட்சியை எடுத்து அது வேலைசெய்த விதத்தையோ செய்யாத விதத்தையோ விளக்குங்கள். உங்கள் இடத்தில் பாதி இதற்கே போகட்டும். ‘பாத்திரப் படைப்பு அருமை’ என்று எழுதத் தோன்றினால், எந்தப் பக்கத்தில் அப்படித் தோன்றியது என்று தேடி அந்தச் செயலை எழுதுங்கள். ‘இழுவை’ என்று எழுதத் தோன்றினால், எந்த அத்தியாயத்தில் பாத்திரத்துக்கு வேண்டியது எதுவும் இல்லாமல் போனது என்று எழுதுங்கள். காதல் காட்சிகள் எவ்வளவு வெளிப்படையானவை, முடிவு மூடப்பட்டதா தொங்குகிறதா, தொடரில் எத்தனையாவது பாகம் ஆகிய மூன்றையும் கடைசி வரியில் சேர்த்துவிடுங்கள். வாங்கலாமா என்று யோசிப்பவருக்கு அதுவே முதலில் தேவைப்படும்.

படித்து முடித்த அன்றே குறிப்பெடுத்துவிட்டு, இரண்டு மூன்று நாள் கழித்து எழுதுங்கள். ட்விஸ்டின் அதிர்ச்சி அடங்கிய பிறகும் முந்தைய பக்கங்கள் பொருந்துகின்றனவா என்று அப்போதுதான் தெரியும். ஹூவரின் ‘வெரிட்டி’ (2018) போன்ற நாவல்களுக்கு இந்த இடைவெளி கட்டாயம் வேண்டும். அதில் ஒரு கையெழுத்துப் பிரதியும் ஒரு கடிதமும் ஒன்றையொன்று மறுக்கின்றன. எதை நம்பினீர்கள் என்பதைச் சொல்லாமல், எந்த விவரம் உங்களை அப்படி நம்பவைத்தது என்பதைக் கோடிகாட்டினால் முடிவும் கெடாது, கருத்தும் முழுமையாகும்.

கேள்வி: பதினைந்து வயது மகள் ரொமான்டசி (காதல் கலந்த ஃபேண்டஸி) கேட்கிறாள். அட்டையைப் பார்த்தால் சிறுவர் நூல் போலத்தான் இருக்கிறது. கொடுக்கலாமா?

பதில்: அட்டையை வைத்து முடிவுசெய்யாதீர்கள். கார்ட்டூன் போல வரைந்த அட்டைக்குள் முழுக்க வயதுவந்தோருக்கான காட்சிகள் இருக்கலாம். மேலே பேசிய மாஸின் தொடரே முதலில் இளையோர் வரிசையில் வெளிவந்து, 2020-இல் புதிய அட்டைகளோடு பெரியோர் வரிசைக்கு மாற்றப்பட்டது. பழைய பதிப்பு கையில் கிடைத்தால் இது தெரியாது. ‘ஃபோர்த் விங்’ கல்லூரிக் கதை போலத் தோன்றினாலும் பெரியோர் நூல்தான்.

நூலின் விவரப் பக்கத்தில் ‘இளையோர்’ என்று இருக்கிறதா, ‘நியூ அடல்ட்’ என்று இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டாவது பெரியோர் வகை. தொடர் என்றால் கடைசி வரை வந்த எல்லாப் பாகங்களையும் விசாரியுங்கள், ஏனென்றால் வெளிப்படையான காட்சிகள் பாகத்துக்குப் பாகம் கூடுவது வழக்கம். ‘த க்ரூயல் பிரின்ஸ்’ இளையோர் வரிசையில் வந்தது. அதில் கொடுமைப்படுத்தலும் கொலையும் உண்டு, பாலியல் காட்சிகள் முன்னால் வருவதில்லை. அதிலிருந்து தொடங்கலாம். முதல் ஐந்து அத்தியாயங்களை நீங்களும் படித்துவிட்டுக் கொடுங்கள்; அவள் ஏதாவது கேட்டால் பதில் சொல்ல வசதியாக இருக்கும்.